வேலிக்குள் வரையப்பட்ட தேசம்

குகைச் சுவரில் கீறப்பட்ட ஒரு மானில் தொடங்கி, இரசாயனத் தொட்டியில் மிதக்கும் ஒரு சுறாமீனில் முடிகிறது அந்தக் கதை. ‘பிரிட்டிஷ் கலை வரலாறு’ என்பது அதன் பெயர். அருங்காட்சியகக் கையேடுகளும் பாடநூல்களும் தொலைக்காட்சித் தொடர்களும் அதைச் சலிக்காமல் சொல்லிவருகின்றன. ஓவியர்களும் சிற்பிகளும் அதில் வந்து போகிறவர்கள் மட்டுமே. நாயகப் பாத்திரம் ‘தேசம்’ என்ற ஒன்றுக்கே உரியது. பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது பிறந்துவிட்டதாம். நிதானமும் இயற்கைமீது காதலும் சுதந்திரப் பற்றும் அதன் இரத்தத்தில் ஊறியவையாம். ரோமானியர் வந்தபோதும் நார்மானியர் வந்தபோதும் அந்த ஆன்மா மட்டும் மாறவேயில்லையாம்.

இதில் முதல் பொய் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நாட்டிங்ஹாம்ஷயர், டெர்பிஷயர் எல்லையிலுள்ள கிரெஸ்வெல் பள்ளத்தாக்கின் குகையொன்றில் அந்த மானின் கீறலுருவம் 2003ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. வயது 12,800 ஆண்டுகளுக்கு மேல். அது கீறப்பட்ட காலத்தில் பிரிட்டன் என்ற நாடு மட்டுமல்ல, பிரிட்டன் என்ற தீவே கிடையாது. இன்று வடகடல் அலையடிக்கும் இடத்தில் அன்று நிலம் இருந்தது. வேட்டையைத் தொடர்ந்து மனிதர்கள் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து நடந்தே வந்து போனார்கள். கடல் குறுக்கே வந்தது பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து. கடலுக்கு முன்பே ‘தீவின் ஆன்மா’ தோன்றிவிட்டது என்றால் அதை வரலாறு என்று சொல்ல முடியாது. தல புராணம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அடுத்த பக்கங்களும் அப்படியே. சஃபோக்கில் 1939ஆம் ஆண்டு சட்டன் ஹூ மேட்டைத் தோண்டியவர் பாசில் பிரவுன். முறையான கல்லூரிப் படிப்பு ஏதுமின்றித் தாமே கற்றுத் தேர்ந்தவர் அவர். ஏழாம் நூற்றாண்டு மன்னன் ஒருவனுக்குரியதென்று கருதப்படும் அந்தப் புதையலை ‘ஆங்கிலக் கலையின் விடியல்’ என்று கொண்டாடுகிறார்கள். அதில் இருந்தவை எவை? பைசாந்தியப் பேரரசன் அனஸ்தாசியஸின் முத்திரை பொறித்த வெள்ளித் தட்டு. பிராங்கு நாட்டு நாணயச் சாலைகளில் அடிக்கப்பட்ட 37 பொற்காசுகள். சுவீடன் நாட்டுக் கல்லறைகளில் கிடைத்தவற்றோடு நெருங்கிய உறவுடைய தலைக்கவசம். வணிகமும் கொள்ளையும் திறையும் கொண்டுவந்து சேர்த்த பொருள்கள் இவை. பின்னாளில் அரண்மனை ஓவியத்தை உருவாக்கிய கைகளும் வெளியூர்க் கைகளே. எட்டாம் ஹென்றியின் முகத்தை உலகுக்குத் தந்த ஹோல்பைன் ஆக்ஸ்பர்க்கில் பிறந்தவர். முதலாம் சார்லஸைக் குதிரைமேல் ஏற்றி வரைந்த வான் டைக் ஆன்ட்வெர்ப்காரர். அடுத்து வந்த லெலி, நெல்லர் இருவரும் ஜெர்மானிய மண்ணில் பிறந்தவர்கள். ‘ஆங்கிலத்தன்மை’யின் உருவப்பட மரபை ஆங்கிலேயர் விலை கொடுத்து வாங்கினார்கள்.

இந்தக் கோட்பாட்டுக்கு மதிப்பான வடிவம் கொடுத்தவரும், வேடிக்கைதான், வந்து குடியேறியவரே. ஹிட்லரின் ஆட்சியில் பல்கலைக்கழக வேலையை இழந்து இங்கிலாந்து வந்த நிக்கோலஸ் பெவ்ஸ்னர், 1955ஆம் ஆண்டு பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளில் ஆங்கிலக் கலையின் ஆங்கிலத்தன்மை பற்றிப் பேசினார். மறு ஆண்டே அது நூலாயிற்று. தட்பவெப்பத்தையும் மொழியையும் மனப்பாங்கையும் கொண்டு கலையை விளக்க முயன்ற நூல் அது. பெவ்ஸ்னர் தயக்கத்துடன் எழுதியதை, அவருக்குப் பின் வந்த கையேட்டுக்காரர்கள் தயக்கமின்றி எடுத்துக்கொண்டார்கள். பனிமூட்டத்துக்குக் கலை வரலாற்றில் இடம் கிடைத்தது; குத்தகைக்கும் கூலிக்கும் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த மண்ணின் கலை வரலாற்றில் மிகப் பெரிய முறிவு எதுவென்று பார்த்தால், அது நிலத்தின் கைமாற்றத்தோடுதான் வந்தது. 1536 முதல் 1540 வரை மடங்கள் கலைக்கப்பட்டு அவற்றின் நிலங்கள் அரசன் கைக்கும், அங்கிருந்து அரசவையினர், நிலக்கிழார்கள், வணிகர்கள் கைக்கும் போயின. திருச்சபைச் சொத்தின் கொள்ளையை மூலதனத்தின் ஆதித் திரட்டலின் ஓர் அத்தியாயமாக மார்க்ஸ் எழுதியது இதைத்தான். மடம் போனபின் படமும் போயிற்று. கிராமக் கோயில்களின் சுவரோவியங்கள்மீது சுண்ணாம்பு பூசப்பட்டது. மரச் சிற்பங்கள் விறகாயின. ஸ்ட்ராட்ஃபோர்டு நகரின் சிற்றாலயத்தில் படங்களைச் சிதைக்க இரண்டு ஷில்லிங் செலவானதாக 1563-64ஆம் ஆண்டின் நகரக் கணக்கில் பதிவு உள்ளது. அப்போது நகரக் கணக்கைப் பார்த்தவர்களில் ஒருவர் ஷேக்ஸ்பியரின் தந்தை. எழுதப் படிக்கத் தெரியாத உழவன் பார்த்துப் பழகிய கலை, ஒரு தலைமுறைக்குள் அவன் கண்ணிலிருந்து மறைக்கப்பட்டது. அதன்பின் ஓவியம் குடியேறிய இடம் மாளிகை. ‘இடையறாத மரபு’ என்பவர்கள் இந்தச் சுண்ணாம்புச் சுவரை எப்படித் தாண்டுகிறார்கள்?

மாளிகைக்குள் போன ஓவியம் என்ன செய்தது என்பதற்கு லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் தொங்கும் ஒரு படம் போதும். தாமஸ் கெயின்ஸ்பரோ, நொடித்துப்போன துணி வணிகர் ஒருவரின் மகன், 1750ஆம் ஆண்டையொட்டி வரைந்தது: ‘திரு, திருமதி ஆண்ட்ரூஸ்’. இடப்பக்கம் கருவாலி மரத்தடியில் புதுமணத் தம்பதியர். வலப்பக்கம் விரிந்து செல்லும் அவர்களது பண்ணை. அறுவடை முடிந்திருக்கிறது. கதிர்க்கட்டுகள் கட்டி நிற்கின்றன. நேர்கோட்டு வரிசைகளைப் பார்த்தால் அது அக்காலத்தின் புதுமுறை வேளாண்மை என்று புரியும். உழுதவன் எங்கே? அறுத்தவள் எங்கே? கட்டு கட்டியவர் எங்கே? ஒருவரும் இல்லை. கதிர் தானே விளைந்து, தானே அறுந்து, தானே கட்டிக்கொண்டது போலும்.

ஆண்ட்ரூஸின் கையிடுக்கில் துப்பாக்கி இருக்கிறது. அழகுக்காக வைத்ததன்று அது. 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண்ட் வருமானம் தரும் சொந்த நிலமோ அதற்கு ஈடான தகுதியோ உள்ளவர்க்கே வேட்டையாடும் உரிமை. தன் வரப்பில் ஓடும் முயலைக் குத்தகை உழவன் பிடித்தால் அது திருட்டு. 1723இல் வந்த ‘கறுப்புச் சட்டம்’ முகத்தில் கரி பூசிக்கொண்டு காட்டில் மான் பிடிப்பதையும் மரம் வெட்டுவதையும் உள்ளிட்ட ஐம்பதுக்கு மேற்பட்ட குற்றங்களைத் தூக்குத் தண்டனைக்குரியவையாக்கியது. ஆகவே ஓவியத்திலுள்ள துப்பாக்கி நிலப்பத்திரத்தின் இன்னொரு படி. இதைத்தான் 1972ஆம் ஆண்டு ஜான் பெர்கர் தமது தொலைக்காட்சித் தொடரில் எளிய சொற்களில் எடுத்துரைத்தார்: இந்த இருவர் நிலவுடைமையாளர்கள், அந்த உடைமையுணர்வு அவர்கள் நிற்கும் தோரணையிலேயே தெரிகிறது என்றார். லாரன்ஸ் கோவிங் என்ற கலை அறிஞர் கொதித்தெழுந்தார். அந்தத் தம்பதியர் இயற்கையின் தத்துவ அழகில் ஈடுபட்டிருக்கிறார்களாம். இயற்கையில் ஈடுபடுவதற்கு முன்நிபந்தனையாக ஒரு பட்டா தேவைப்பட்டது என்பதை மறுக்க அவருக்கு வழியில்லை. இத்தனைக்கும் அது பேரழகான படம். ஈர மேகம் இறங்கும் அந்த வானத்தை வரைந்த தூரிகையைக் குறை சொல்ல ஏதுமில்லை. அழகு மெய்யானது என்பதாலேயே மறைப்பும் வலுவானதாகிறது.

1604 முதல் 1914 வரை 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பொதுப் பயன்பாட்டிலிருந்து தனியுடைமையாயிற்று. ஆங்கில நிலக்காட்சி ஓவியத்தின் பொற்காலமும் வேலியடைப்பின் உச்சக்காலமும் ஒன்றே. தமிழ் இலக்கணம் நிலத்தைச் சொல்லும்போது அங்கே வாழும் மக்களையும் அவர்தம் தொழிலையும் கருப்பொருளில் சேர்த்தே சொல்லும். ஆளில்லாத நிலம் திணையாகாது. ஆங்கில நிலக்காட்சி அந்த மக்களைத் தூரத்துப் புள்ளிகளாகச் சுருக்கியது. கான்ஸ்டபிளின் ‘வைக்கோல் வண்டி’ (1821) லண்டனில் வரையப்பட்ட சஃபோக் கிராமம். 1816இலும் 1822இலும் கிழக்கு ஆங்கிலியாவில் கூலி உழவர்கள் கலகம் செய்து எந்திரங்களை உடைத்தார்கள். அந்த வண்டி நிற்கும் ஓடையில் அதன் சலனம்கூட இல்லை.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் அந்தப் புள்ளிகளும் அழிக்கப்பட்டன. சதர்லாந்துச் சீமாட்டி 1814 முதல் 1820 வரை தன் நிலத்திலிருந்து 15,000 பேரை, ஏறக்குறைய 3,000 குடும்பங்களை, வேரோடு பிடுங்கி எறிந்ததையும், 1825க்குள் அவர்களுடைய இடத்தில் 1,31,000 ஆடுகள் மேய்ந்ததையும் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் கணக்கிட்டுக் காட்டுகிறார். பின்னர் ஆட்டுக் கிடையும் போய், பிரபுக்களின் மான் வேட்டைக் காடுகள் வந்தன. சரியாக அந்தக் கட்டத்தில், 1851ஆம் ஆண்டு, எட்வின் லேண்ட்சீரின் ‘பள்ளத்தாக்கின் மாமன்னன்’ காட்சிக்கு வந்தது. பனிபடர்ந்த மலை, அதன்முன் நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கலைமான், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு குடிசையில்லை, புகையில்லை. பிரபுக்கள் சபையின் சிற்றுண்டி அறைக்கென்று தீட்டப்பட்ட படம் அது. மக்களவை பணம் ஒதுக்க மறுத்ததால் வெளியே விற்கப்பட்டது. பிறகு சோப்பு விளம்பரத்துக்கும் விஸ்கி விளம்பரத்துக்கும் பயன்பட்டு, இறுதியில் 2017ஆம் ஆண்டு மதுபானப் பெருநிறுவனமான டியாஜியோவிடமிருந்து 40 இலட்சம் பவுண்டுக்கு ஸ்காட்லாந்தின் தேசிய ஓவியக்கூடத்தால் வாங்கப்பட்டது. விரட்டப்பட்டவர்களின் நாட்டுக்கு, விரட்டப்பட்டதன் சின்னம் தேசியச் சின்னமாக வந்து சேர்ந்திருக்கிறது.

அதே சதர்லாந்துக் குடும்பத்தின் வாரிசான பிரபுவிடமிருந்துதான் டிஷியனின் இரண்டு படங்களை லண்டன், எடின்பரோ ஓவியக்கூடங்கள் 2009இல் 5 கோடி பவுண்டுக்கும் 2012இல் 4.5 கோடி பவுண்டுக்கும் வாங்கின. ‘தேசத்துக்காகக் காப்பாற்றப்பட்டன’ என்று செய்தி வந்தது. யாரிடமிருந்து என்பதை யாரும் கேட்கவில்லை.

கடலுக்கு அப்பால் நடந்தது தனிக் கதையன்று. தேசிய ஓவியக்கூடமே 1824இல் ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைனின் 38 படங்களை 57,000 பவுண்டுக்கு வாங்கித் தொடங்கப்பட்டது. ஆங்கர்ஸ்டைன் லாயிட்ஸின் கடல் காப்பீட்டு வணிகர். அடிமைக் கப்பல்களுக்கும் காப்பீடு வழங்கிய சந்தை அது. அடிமை வணிகத்தில் தனக்கிருந்த பங்குக்காக லாயிட்ஸ் 2020இல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. 1781ஆம் ஆண்டு ‘சாங்’ என்ற கப்பலின் மாலுமிகள் 130க்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் எறிந்தார்கள். ‘இழந்த சரக்கு’க்குக் கப்பல் உரிமையாளர்கள் காப்பீட்டுத் தொகை கேட்டார்கள். இத்தகைய கொடுமையைத்தான் டர்னர் 1840இல் ‘அடிமைக் கப்பல்’ என்ற படமாக்கினார். தீப்பிடித்த அந்தி, விலங்கு பூட்டிய கால், அதை மொய்க்கும் மீன்கள். அந்தப் படத்தைச் சில காலம் சொந்தமாக வைத்திருந்த ரஸ்கின், கடலின் நிறத்தைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்துவிட்டு, அது அடிமைக் கப்பல் என்பதை ஓர் அடிக்குறிப்பில் சொல்லி முடித்தார். கலை விமர்சனத்தில் அடிக்குறிப்புக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. டர்னரும் குற்றமற்றவரல்லர்: 1805ஆம் ஆண்டு அடிமை உழைப்பில் நடந்த ஜமைக்காப் பண்ணையொன்றில் 100 பவுண்ட் முதலீடு செய்திருந்தார். முதலீட்டாளரின் கையும் ‘அடிமைக் கப்ப’லை வரைந்த கையும் ஒரே கை. அந்த 35 ஆண்டுகளுக்கு இடையில் கிளர்ச்சிகள் நடந்தன, ஒழிப்பு இயக்கம் நடந்தது. அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833இல் நிறைவேறியது. 2 கோடி பவுண்ட் இழப்பீடு, அடிமைகளுக்கன்று, உடைமையாளர்களுக்கு. அதற்காக வாங்கிய கடனின் மிச்சத்தை பிரிட்டிஷ் மக்கள் வரியாகக் கட்டி முடித்தது 2015ஆம் ஆண்டில்.

பிரிட்டிஷ் கலைக்கென்றே எழுந்த டேட் கூடத்தைப் பற்றி ஒரு சொல். அதன் கொடையாளர் ஹென்றி டேட் அடிமைகளை வைத்திருந்தவரல்லர். அவர் சர்க்கரைத் தொழிலுக்கு வந்தது 1859இல். வரலாற்றை எதிரிகள் மடக்க இயலாதவாறு சொல்ல வேண்டும். ஆனால் அவர் சுத்திகரித்த கரீபியச் சர்க்கரையை அடிமைமுறை எழுப்பிய தோட்டங்களிலிருந்து பிரிக்க முடியாது. 1897இல் திறக்கப்பட்ட கூடம் நிற்கும் மனையும், நாடு கடத்தப்பட வேண்டிய கைதிகளை அடைத்துவைத்த மில்பேங்க் சிறை இருந்த இடமே.

இந்தியா இந்த வரலாற்றுக்குள் எப்படி வருகிறது? கூரையில் வருகிறது. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனித் தலைமையகத்தின் வருவாய்க் குழு அறைக்கென 1778ஆம் ஆண்டு ஒரு விதான ஓவியம் தீட்டப்பட்டது. உயர்ந்த பாறைமேல் வெள்ளைமேனி பிரிட்டானியா அமர்ந்திருக்கிறாள். கீழே நிற்கும் இந்தியா முத்தும் மணியும் பதித்த முடியை நீட்டுகிறாள். சீனா பீங்கானும் தேயிலையும் கொண்டு வருகிறாள். ‘கிழக்கு தன் செல்வங்களை பிரிட்டானியாவுக்கு அளித்தல்’ என்பது தலைப்பு. ‘அளித்தல்’ என்ற வினையைக் கவனிக்க வேண்டும். ‘பறித்தல்’ என்பதற்கு அதைவிடத் துணிச்சலான மொழிபெயர்ப்பு எந்த மொழியிலும் இராது. 1770ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் கழிந்து எட்டே ஆண்டுகள். மக்களில் மூன்றில் ஒரு பங்கினராவது மாண்டதாகவும், அப்படியிருந்தும் வரி வசூல் குறையவிடப்படவில்லை என்றும் வாரன் ஹேஸ்டிங்ஸே 1772இல் கம்பெனிக்கு எழுதினார். அந்த வருவாயைக் கணக்கிட்டவர்களின் தலைக்குமேல்தான் இந்தப் படம் இருந்தது. வரைந்த ஸ்பிரிடியோன் ரோமா கோர்ஃபு தீவில் பிறந்த கிரேக்கர். ‘தேசிய ஆன்மா’ இங்கேயும் கூலிக்கு ஆள் பிடித்திருக்கிறது.

இவ்வளவையும் கேட்டபின் இடதுசாரி அணிகளிலேயே சிலர் சொல்வதுண்டு: அப்படியானால் இவை எல்லாம் ஆளும் வர்க்கக் குப்பை, உழைப்பாளிக்கு இவற்றில் என்ன வேலை? சுருக்கமான தீர்ப்பு, சோம்பலான தீர்ப்பும்கூட. முதலாளிகளும் நிலப்பிரபுக்களும் ஆண்ட காலமெல்லாம் மனிதகுலம் திரட்டிய அறிவுச் சேமிப்பின் வளர்ச்சியாகவே பாட்டாளி வர்க்கப் பண்பாடு அமைய முடியும் என்று 1920ஆம் ஆண்டு இளைஞர் கழக மாநாட்டில் லெனின் வாதாடியது இத்தகைய சோம்பலுக்கு எதிராகத்தான். மேலும், அந்தக் குப்பை என்பதற்குள் ஹோகார்த்தும் இருக்கிறார். பிரபுக்களின் பணத் திருமணத்தைக் கிழித்துக் காட்டி, அச்சுப் படங்களாகத் தெருவுக்குக் கொண்டுவந்தவர். பிளேக் இருக்கிறார், சூரினாம் அடிமைகள் பட்ட வதையைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர், அரசத் துரோகப் பேச்சுக் குற்றச்சாட்டில் 1804இல் நீதிமன்றம் ஏறி விடுதலையானவர். இவர்களைக் கைவிட்டால் எதிரியின் ‘தேச’க் கதைக்கு இவர்களும் இரையாவார்கள், ஆகியும்விட்டார்கள்.

வில்லியம் மோரிஸின் நிலை அதற்குச் சான்று. இன்று அவர் மேசைவிரிப்பிலும் தேநீர்க் கோப்பையிலும் பூவேலைப்பாடாக விற்கப்படுகிறார். தந்தை விட்டுச்சென்ற செம்புச் சுரங்கப் பங்குகளில் வளர்ந்த அவர், 1875இல் அந்தச் சுரங்கக் கம்பெனியின் இயக்குநர் பதவியை விட்டு விலகி, 1883இல் ஜனநாயகக் கூட்டமைப்பில் சேர்ந்து, அடுத்த ஆண்டின் இறுதியில் சோசலிஸ்ட் லீக்கைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார். 1887 நவம்பர் 13 அன்று டிரஃபால்கர் சதுக்கத்துக்குச் சென்ற ஊர்வலங்களில் அவரும் நடந்தார். தேசிய ஓவியக்கூடத்தின் வாசலுக்கு எதிரிலுள்ள அந்தச் சதுக்கத்தில் காவலரும் படையினரும் தொழிலாளரை அடித்து நொறுக்கினார்கள். மறு வாரம் ஆல்ஃபிரட் லின்னல் என்ற எழுத்தர் காவலரின் குதிரைக்காலில் மிதிபட்டு, பின்னர் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு மோரிஸ் பாட்டு எழுத, வால்டர் கிரேன் அதன் அட்டைக்குப் படம் வரைந்தார். ஒரு பென்னி விலையில் விற்ற அந்தத் தாள், கலை வரலாற்றின் பெருநூல்களில் அரிதாகவே தலைகாட்டுகிறது. தொழிற்சங்கங்களின் பட்டுக் கொடிப்பதாகைகளுக்கும் அதே கதிதான். மான்செஸ்டரின் மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் அவை காக்கப்படுகின்றன. ‘கலை’ என்ற தலைப்பின்கீழ் அவற்றைத் தேடினால் கிடைக்காது.

1934இல் நார்தம்பர்லாந்தின் ஆஷிங்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் தொழிலாளர் கல்விச் சங்கத்தின் வகுப்பில் ஓவியம் பற்றி அறிய அமர்ந்தார்கள். திரையில் காட்டப்பட்ட மறுமலர்ச்சிக் காலப் படங்கள் அவர்களுக்கு ஒட்டவில்லை. அவர்கள் எழுந்து போகவில்லை. ஆசிரியர் ராபர்ட் லையனுடன் பேசி, தாங்களே வரையத் தொடங்கினார்கள். முறை முடிந்து வந்த கையோடு, சுரங்கத்தின் குனிந்த முதுகையும் புறா வளர்ப்பையும் சமையலறையையும் வரைந்தார்கள். ஆண்ட்ரூஸின் வயலில் காணாமற்போன ஆள் இருநூறு ஆண்டு கழித்துத் தானே வந்து தன்னை வரைந்துகொண்ட இடம் அது. அதே பத்தாண்டில் பாசிசத்துக்கு எதிராகத் திரண்ட ஓவியர்களில் கம்யூனிஸ்ட் சிற்பி ஃபெலிசியா பிரவுன் 1936 ஆகஸ்டில் ஸ்பெயின் போர்முனையில் உயிர் துறந்தார்.

சுறாமீனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாட்சரின் தேர்தல் விளம்பரங்களைத் தயாரித்த சாச்சி சகோதரர்களில் ஒருவரின் பணத்தில் 1991இல் டேமியன் ஹர்ஸ்ட் அதைத் தொட்டியில் இட்டார். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் வங்கி திவாலானது. அன்று மாலையே லண்டனில் ஹர்ஸ்டின் படைப்புகள் ஏலத்துக்கு வந்தன. இரண்டு நாளில் 11 கோடி பவுண்டுக்கு மேல். இதுவும் ‘ஆங்கில நிதானம்’ என்ற குணத்தில் அடங்குமா என்பதைக் கையேட்டுக்காரர்கள்தாம் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதிய வரிசையில் கறுப்பின, ஆசிய ஓவியர்களுக்கு இடமில்லை என்பதை கராச்சியில் பிறந்த ரஷீத் அரயீன் 1989இல் ‘மறுகதை’ என்ற கண்காட்சியால் உணர்த்த வேண்டியிருந்தது.

இங்கே டெல்லியில் ஆள்வோரும் இதே கதையைத் தங்கள் அளவுக்குத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். பீம்பேட்கா முதல் இன்றுவரை ஒரே ஆன்மா, ஒரே பண்பாடு, இடையில் வந்ததெல்லாம் படையெடுப்பு. ஆங்கிலேயனை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டே ஆங்கிலேயனின் அச்சில் வார்த்த கதை. மொகலாயர் காலத்தைப் பாடநூலிலிருந்து வெட்டிவிட்டால், இந்திய ஓவியத்தில் மீதியிருப்பதை அவர்களாலேயே தேதியிட முடியாது. குகையை வரைந்தவன் யார், கோயிலைச் செதுக்கியவனுக்கு அதற்குள் நுழையும் உரிமை இருந்ததா என்ற கேள்விகளுக்கு அந்தக் கதையில் இடம் ஏது?

ஆண்ட்ரூஸ் தம்பதியரின் படத்தை 1960ஆம் ஆண்டு முதல் காவல் காத்துவந்தோர் தேசிய ஓவியக்கூடத்தின் ஊழியர்கள். 2015இல் அவர்களுடைய பணியைத் தனியார் பாதுகாப்பு நிறுவனமான செக்யூரிடாஸிடம் ஒப்படைக்க நிர்வாகம் முடிவெடுத்தது. ஊழியர் சங்கமான பி.சி.எஸ். நூறு நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது. கூடத்தின் பல அறைகள் பூட்டப்பட்டன. பணி தனியாரிடம் போவதைத் தடுக்க இயலவில்லை. ஆனால் ஊதியத்தையும் பணி நிலைமைகளையும் காக்கும் உடன்பாடு எட்டப்பட்டது. பணிநீக்கப்பட்ட சங்கப் பிரதிநிதி மீண்டும் வேலையில் அமர்த்தப்பட்டார்.